ஆண்டவர் எப்படிக் கதைக்கிறார்? யாழ்ப்பாணத்தில் விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயிலுக்கோ சபைக்கோ போய்வரத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே இப்படி ஒரு பேச்சு உங்கள் காதில் விழும்: "ஆண்டவர் என்னோட கதைச்சவர்." சொன்னவர் அதை வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். கேட்டுக்கொண்டு நின்ற உங்களுக்குத்தான் குழப்பம். காதில் கேட்டதா? கனவா? எனக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை? கலியாணம் முடித்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், வளர்ந்த பிறகு ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், சின்ன வயதில் மறைக்கல்வி படித்து இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள், எல்லாருக்கும் உள்ளே இருக்கிற கேள்வி இது. வெட்கத்தில் பாதிப்பேர் வாய் திறப்பதில்லை.

கீழே இருப்பது அதற்கான செய்முறை. வரிசைப்படி போனால் நல்லது. அவசரப்படுகிறவர்கள் குறைந்தது ஐந்தாவது படியையாவது வாசித்துவிட்டுத்தான் எந்தத் தீர்க்கதரிசனக் கூட்டத்துக்கும் போகவேண்டும்.

படி 1: எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள்

வேதாகமத்தில் கடவுள் பேசுகிற விதம் ஒன்றல்ல. மோசேயிடம் எரிகிற முட்செடியிலிருந்து பேசுகிறார். யாக்கோபிடம் கனவில். தாவீதிடம் நாத்தான் என்ற இன்னொரு மனிதனின் வாயால். பிலேயாம் என்ற குறிசொல்கிறவனைத் திருத்தக் கழுதை வாய் திறக்க வேண்டியிருந்தது. இதை மட்டும் வாசித்தால், அந்தக் காலத்துச் சனத்துக்கு நாள்தோறும் வானத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது போலத் தோன்றும். அப்படியில்லை. ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் முடியும்போது ஆபிராமுக்கு (பின்னாளில் ஆபிரகாம்) வயது 86. 17ஆம் அதிகாரம் தொடங்கும்போது 99. இடையிலுள்ள 13 வருசத்தில் கடவுள் பேசியதாக ஒரு வரியும் இல்லை. விசுவாசிகளின் தகப்பன் என்று சொல்லப்படுகிறவருக்கே அந்த நிலை என்றால், ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதமான நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்?

எபிரெயர் நிருபத்தின் தொடக்கத்தில் இந்த விசயம் சுருக்கமாக இருக்கிறது: முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலம் பல வகையாகப் பேசிய கடவுள், கடைசியில் தம்முடைய குமாரன் மூலமாகப் பேசினார். கிறிஸ்தவர்களுக்குக் கடவுள் சொன்ன முழு வார்த்தை இயேசுதான். கத்தோலிக்கரும் சரி, தென்னிந்தியத் திருச்சபையாரும் மெதடிஸ்தரும் சரி, பெந்தெகொஸ்தே சபையாரும் சரி, இதில் ஒன்றுபடுகிறார்கள். வித்தியாசம் அடுத்த கட்டத்தில் வருகிறது. அப்போஸ்தலர்களோடு பொது வெளிப்பாடு, அதாவது எல்லாருக்குமாகக் கடவுள் தம்மை வெளிப்படுத்தியது, நிறைவடைந்துவிட்டது, பிறகு வருகிற காட்சிகள் அதை விளங்கிக்கொள்ள உதவலாமே தவிர அதோடு எதையும் சேர்க்காது என்பது கத்தோலிக்கப் போதனை. தீர்க்கதரிசன வரம் இன்றைக்கும் சபையில் இயங்குகிறது என்று பெந்தெகொஸ்தேக்காரர் அழுத்திச் சொல்வார்கள். ஆனால் இயேசுவின் முகத்துக்கு ஒவ்வாத ஒன்றைக் 'கடவுள் சொன்னார்' என்று யாராவது கொண்டுவந்தால், அதைத் தள்ளிவிடவேண்டும் என்பதில் மூவருக்கும் சண்டை இல்லை.

படி 2: ஒரு வேதாகமமும் ஒரு கொப்பியும்

வீட்டில் பழைய வேதாகமம் இருந்தால் அதுவே போதும். மொழி கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பை எடுங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும், மற்றதில் 66. கலியாணத்தால் சபை மாறியவர்கள் இதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நீங்கள் தொடங்கப்போகிற இடம் இரண்டிலும் ஒன்றுதான். (மெதடிஸ்த மிசனரியான பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பின்னாளில் மிசனரிமாரை அவர் வாதத்தில் மடக்கியதற்கு அந்த வாசிப்பும் ஒரு காரணம். கிறிஸ்தவர்கள் அவரளவுக்காவது அந்தப் புத்தகத்தை வாசித்திருந்தால் நல்லது.)

மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம், நான்கிலும் சின்னது. லேவியராகமத்திலோ வெளிப்படுத்தின விசேசத்திலோ தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு கிழமையில் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.

வாசிக்கிற முறை பழையது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி அதை நான்கு கட்டமாக எழுதி வைத்தார்: வாசி, அசைபோடு, செபி, சும்மா இரு. நடைமுறையில் இப்படி:

ஒரு சின்னப் பகுதியை எடுங்கள், பத்துப் பன்னிரண்டு வசனத்துக்கு மேல் வேண்டாம். வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். இரண்டாம்முறை மெதுவாக. ஏதாவது ஒரு சொல் தட்டுப்பட்டால், மனதில் உறுத்தினால், கோபம் வந்தாலும்கூட, அந்த இடத்தில் நில்லுங்கள். முழுவதையும் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏன் இந்தச் சொல் என்னைப் பிடித்தது என்று ஆண்டவரிடமே கேளுங்கள், உங்கள் வீட்டுத் தமிழில். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் இருங்கள். கடைசியாகத் திகதியைப் போட்டு அந்தச் சொல்லையும் மனதில் எழும்பியதையும் இரண்டு வரியில் கொப்பியில் எழுதுங்கள். வடிவான எழுத்து தேவையில்லை, மற்றவர்களுக்குக் காட்டவும் தேவையில்லை. ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது, ஒரே விசயம் வேறு வேறு இடத்திலிருந்து உங்களைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரியவரும். 'கடவுள் பேசினார்' என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

செய்யக்கூடாத ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பதிலாக எடுப்பது. கோயில் வாசலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அகுஸ்தீன் அப்படித்தானே மனம்மாறினார் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் புத்தகத்தைத் திறந்தார், ரோமர் 13ஆம் அதிகாரம் அகப்பட்டது. ஆனால் அவர் திறந்தது ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பவுலின் நிருபங்களை. அதற்கு முன் அம்புரோஸ் ஆயரின் பிரசங்கங்களை நெடுநாளாகக் கேட்டிருந்தார். தாய் மோனிக்காவின் செபம் பின்னால் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து நாம் பின்பற்ற முடியாது.

வருசப் பிறப்பு ஆராதனையில் பல சபைகளில் வாக்குத்தத்த வசனம் அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார்கள். வாங்குங்கள், சுவரில் ஒட்டுங்கள், பிழையில்லை. ஆனால் அன்றிரவே அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். மிக அதிகமாக அகப்படுகிற வசனம் எரேமியா 29:11: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் இல்லாத முந்தின வசனம், பாபிலோனில் 70 வருசம் நிறைவேறவேண்டும் என்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற ஊரின் சமாதானத்துக்காகச் செபியுங்கள் என்று இருக்கிறது. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய விறாந்தையில் படுத்தவர்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்கவே தேவையில்லை. இடம்பெயர்ந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது.

படி 3: சத்தத்தைக் குறையுங்கள்

எலியாவின் கதை 1 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை. பிறகு "அமர்ந்த மெல்லிய சத்தம்". எல்லாரும் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள்: எலியா உயிருக்குப் பயந்து ஓடி, செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். கடவுள் அவருக்கு முதலில் அனுப்பியது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுப் படுத்து, எழும்பித் திரும்பச் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. நித்திரை இல்லாமல், பசியோடு, உபவாசத்தின்மேல் உபவாசம் இருந்து கடவுளைப் பேசவைக்கப் பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியை வாசிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அமைதிக்கு விடியற்காலை நல்லது. ஊர் ஒலிபெருக்கிகள் தொடங்குவதற்கு முன் ஒரு அரை மணித்தியாலம் அகப்படும். போனை வேறு அறையில் வையுங்கள். வீட்டில் இடமில்லாவிட்டால் பக்கத்துக் கோயில் பகலில் திறந்திருக்கிறதா என்று விசாரித்து, பின்வாங்கில் போய் இருங்கள். தோலகட்டி ஆச்சிரமத்தை நெல்லி ரசத்துக்காக மட்டும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அது 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் இடம். மௌனமும் செபமும்தான் அவர்களுடைய வேலை. அப்படியும் ஒரு வாழ்க்கை நம் செம்மண்ணிலேயே இருக்கிறது.

மௌனத்தில் இருக்கும்போது மனம் அலையும். நாளைக்கு மீன் வாங்குவது, கட்டவேண்டிய சீட்டுக்காசு, எல்லாம் வரும். அதையே ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சிறுவன் சாமுவேலுக்குக் குருவான ஏலி சொல்லிக்கொடுத்த ஒரு வரி தொடங்குகிறவர்களுக்குப் போதும்: "சொல்லும், அடியேன் கேட்கிறேன்." அந்தக் கதையில் சாமுவேல் மூன்றுதரம் அது ஏலியின் குரல் என்று நினைத்து எழும்பி ஓடினான். முதல்தரத்திலேயே பிடிபடாதது சாமுவேலுக்கும் நடந்ததுதான்.

படி 4: மனிதர் மூலம் வருவதைத் தட்டிவிடாதீர்கள்

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது அரசனிடம் நாத்தான் வந்து ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி, கடைசியில் "நீயே அந்த மனுஷன்" என்றான். அரசனுக்குப் பிடித்த பேச்சல்ல அது. உங்களுக்கு வருகிற 'தேவ வார்த்தை' எல்லாம் எப்போதும் உங்களைப் புகழ்ந்துகொண்டும் ஆசீர்வதித்துக்கொண்டுமே இருந்தால், எனக்குச் சந்தேகம் வரும்.

ஞாயிறு வாசகங்கள், பிரசங்கம், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் சொன்ன ஒரு சொல், அம்மம்மாவின் கண்டிப்பு, வாசலில் வந்து நிற்கிற பசித்தவர் (மத்தேயு 25), உள்ளே குத்துகிற மனச்சாட்சி, இதெல்லாம் வழிதான். கடவுள் என்னோடு கதைக்கவில்லை என்று வருந்துகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: நீங்கள் உங்கள் அண்ணனோடு கதைக்கிறீர்களா? வேலி எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாய் வழக்கு நடத்துகிற ஊர் இது. காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் பதில் ஏற்கெனவே கிடக்கிறது. சீதனம் கேட்கலாமா என்று மூன்று நாள் உபவாசமிருந்து கேட்கிற மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதே பதில்தான். தெரிந்த கட்டளையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் புதிய குரலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

படி 5: கனவும் தீர்க்கதரிசனமும் வந்தால்

கனவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்தேயு நற்செய்தியில் மரியாளின் கணவர் யோசேப்புக்குக் கனவில் வழி காட்டப்படுகிறது. ஆகவே கனவை ஏளனம் செய்யத் தேவையில்லை. ஆனால் செத்துப்போன அப்பப்பா கனவில் வந்து காணியை விற்காதே என்றால், அது காணியைப் பற்றிய உங்கள் கவலையாகத்தான் அநேகமாக இருக்கும். கொப்பியில் எழுதி வையுங்கள், அதை நம்பி அடுத்த நாளே முடிவெடுக்க வேண்டாம்.

தீர்க்கதரிசனம் வேறு விசயம், அங்கே இன்னொரு மனிதர் இருக்கிறார். செபக்கூட்டத்தில் ஒருவர் உங்கள் தலையில் கைவைத்து, "மகனே, உனக்கு வெளிநாட்டு வாசல் திறந்திருக்குது எண்டு கர்த்தர் சொல்லுறார்" என்கிறார். உடம்பு சிலிர்க்கும். வீட்டுக்குப் போய்க் காணியை ஈடுவைத்து ஏஜென்டுக்குக் காசு கட்டத் தோன்றும். இங்கேதான் நிற்கவேண்டும். பவுல் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார்: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5). யோவானும் தம் முதல் நிருபத்தில் எல்லா ஆவிகளையும் நம்பாமல் "சோதித்தறியுங்கள்" என்றே எழுதினார். சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று உங்களைப் பயமுறுத்துகிறவர் இந்த இரண்டு இடத்தையும் வாசிக்கவில்லை.

எப்படிச் சோதிப்பது? சொன்னது நற்செய்திக்கு ஒத்ததா என்று பாருங்கள். தாய் தகப்பனை வெறுக்கச் சொல்கிற, கணவன் மனைவியைப் பிரிக்கிற, அயலவர் செய்வினை செய்துவிட்டார் என்று பகை மூட்டுகிற சொல் அங்கேயே முடிந்தது. யாருக்கு இலாபம் என்று பாருங்கள். 'விதைப்புக் காணிக்கை' வைத்தால்தான் வாக்கு நிறைவேறும் என்றால், நன்றி சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள். அவசரப்படுத்துகிறதா, பயமுறுத்துகிறதா? சீனி வருத்தக் குளிசையை நிறுத்தச் சொல்கிறதா? நிறுத்தாதீர்கள். சொன்னவர் மற்றவர்கள் அதை நிதானிக்க விடுகிறாரா? 1 கொரிந்தியர் 14:29இன்படி, தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கவேண்டும். தனியே கூப்பிட்டுச் சொல்லி, 'வேறு ஆருக்கும் சொல்லாதேங்கோ' என்றால் அதுவே விடை. கடைசியாக, உபாகமம் 18:22: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தையல்ல. திகதியோடு கொப்பியில் எழுதச் சொன்னது இதற்கும்தான்.

எரேமியா காலத்திலும் இதே பிரச்சினை. அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருசத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் சனத்தின் முன்னால் சொன்னான். 70 வருசம் என்ற எரேமியாவை யார் விரும்பிக் கேட்டிருப்பார்கள்? எரேமியா உடனே கத்திச் சண்டை பிடிக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுவிட்டு, நிறைவேறும்போது தெரியும் என்றார். 28ஆம் அதிகாரம், கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் மண்ணில் இதன் மிகக் கொடிய வடிவம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கிற தாயிடம், 'உன் மகன் உயிரோடு இருக்கிறான், இந்த மாதம் வருவான்' என்று கடவுளின் பெயரால் சொல்வது. அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்தில் சும்மா இருங்கள். தெரியாததைக் கர்த்தர் சொன்னார் என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடமாக இருந்தால் இப்படிச் சொல்லலாம்: "சரி பாஸ்டர், நீங்கள் சொன்னதை எழுதி வைக்கிறன். வீட்டிலயும் கதைச்சு, செபிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்." நல்ல மேய்ப்பர் இதைக் கேட்டுச் சந்தோசப்படுவார். அப்படிப்பட்டவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

படி 6: முடிவெடுக்க வேண்டியிருந்தால்

ஸ்கூட்டி எந்தக் கலரில் வாங்குவது என்று ஆண்டவரைக் கேட்கத் தேவையில்லை, காசுக்கு ஏற்றதை வாங்குங்கள். வேலை, கலியாணம், துறவறம், வெளிநாடு போன்றவற்றுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் முறை உதவும். 1521இல் பம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து லொயோலாவில் படுத்திருந்தபோது, வாசிக்க வீரசாகசக் கதை கேட்டார். வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும். வீரனாகிப் பெயர் எடுப்பதாகக் கனவு கண்டால் அந்நேரம் இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதரைப் போல வாழ்வதாக நினைத்தபோது வந்த மகிழ்ச்சி பிறகும் தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய தெளிந்து தேர்தல் முறை பிறந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம். கொழும்பு வேலையை எடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு சில நாள் வாழுங்கள். பொழுதுபட்டதும் மனம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு ஊரில் நின்றுவிட்டதாக நினைத்துச் சில நாள். எது ஆழமான சமாதானத்தைத் தந்தது, எது மேலோட்டமான கிளர்ச்சியை மட்டும் தந்தது? இஞ்ஞாசியாரின் இன்னொரு விதி: மனம் இருண்டு சோர்ந்திருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. நியாயாதிபதிகள் 6இல் கிதியோன் ஆட்டுத் தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று கடவுளிடம் அடையாளம் கேட்டானே என்பார்கள். அவனுக்குக் கட்டளை முன்பே கிடைத்திருந்தது, நம்பத்தான் தயங்கினான். எரேமியாவுக்கே ஒரு கேள்விக்குப் பதில் வரப் பத்து நாள் எடுத்தது (42:7). ஏஜென்ட் நாளைக்குள் காசு கேட்கிறார் என்பதற்காகக் கடவுள் அவசரப்படமாட்டார்.

படி 7: ஒன்றுமே கேட்காவிட்டால்

சங்கீதம் 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் செபமாகத்தான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். யோபுவுக்குக் கர்த்தர் பதில் சொல்லத் தொடங்குவது 38ஆம் அதிகாரத்தில். அன்னை தெரேசா பல வருசம் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே தன் வேலையைச் செய்தார் என்பது 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1995 ஆடி 9ஆம் திகதி நவாலியில், தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்தது. கடவுள் அப்போது ஏன் பேசவில்லை என்ற கேள்வியோடு இங்கே பலர் பூசைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். நீங்களும் அந்தக் கேள்வியைச் செபத்தில் அப்படியே சொல்லலாம், சங்கீதக்காரர் சொன்னதைவிட அது கடுமையாக இருக்காது.

இன்னொன்று. வெளியே இருந்து குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது திட்டுகிறது, உங்களையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொல்கிறது, நித்திரை இல்லை என்றால் செபக்கூட்டத்துக்கு முன் வைத்தியரிடம் போகவேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பேயோட்டப் போகிறோம் என்று வீட்டார் இழுத்தால், முதலில் வைத்தியம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். மருந்து எடுத்துக்கொண்டே செபிக்கலாம்.

யாரிடம் கதைப்பது

இதையெல்லாம் தனியே செய்யவேண்டாம். சாமுவேலுக்கு ஏலி இருந்ததுபோல உங்களுக்கும் ஒருவர் வேண்டும். பங்குத்தந்தை, போதகர், கன்னியாஸ்திரி, வருசக்கணக்காகச் செபிக்கிற ஒரு மூத்த அம்மா, யாராக இருந்தாலும் சரி. பார்க்கவேண்டியது மூன்று: கேட்டதை வெளியே காவமாட்டார், உங்களிடம் காசு எதிர்பார்க்கமாட்டார், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரிந்தவர். ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்த கையோடு பிடிக்கப் பார்க்காதீர்கள், வாசலில் பத்துப்பேர் காத்து நிற்பார்கள். கிழமை நாளில் பின்னேரம் எப்போது வரலாம் என்று முதலே போனில் கேட்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.